முதலில் செருப்பைப் போடுகிறவர்

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டதும் செண்பகவல்லி கணவன் கதிரேசனின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். பழுப்புத் தோல் செருப்பு. இடது கால் வார் பிய்ந்துபோய்ப் பசை போட்டு ஒட்டியது. இன்னும் சற்று நேரத்தில் ஒன்பதாவது மாடியில் ஒரு வீட்டு வாசலில் அதைக் கழற்றிவிடுவான். கழற்றியது கழற்றியபடி கிடந்தால் பிழைத்தாள். அவளுக்கு முந்திக்கொண்டு கதிரேசன் வாசலுக்குப் போய் அதற்குள் காலை நுழைத்துவிட்டான் என்றால் அவ்வளவுதான், அதற்குமேல் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள இடமில்லை. மூன்று, நான்கு என்று சிவப்பு எண்கள் ஏறின. வீட்டுத் தரகர் ஏகாம்பரம் வழக்கமான பாட்டை ஆரம்பித்திருந்தார். "ராகு காலத்துக்கு முன்னாடி டோக்கன் அட்வான்ஸ் குட்த்துடலாம் மேடம். சாயந்தரம் வேற பார்ட்டி வருது. அப்பால என்னைய கேக்கக் கூடாது." எல்லா வீட்டுக்கும் சாயந்தரம் வேறு பார்ட்டி வந்துகொண்டுதான் இருந்தது. சொல்லிச் சொல்லி அவருக்கே சலித்திருக்க வேண்டும், குரலில் சுரத்தில்லை. அவர் கண்ணும் கதிரேசனின் செருப்பின் மீதே இருந்தது. ஆறு மாதமாக இவர்களோடு அலைகிறாரே, அவருக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது.

அது கதிரேசன் போட்ட சட்டம். முதல் வீடு பார்த்தபோது வீட்டுக்கார அம்மாள் காபி டம்ளரோடு நிற்க, அவள் எதிரிலேயே சமையல்கட்டு இருட்டாக இருக்கிறது, இல்லை என்று இருவரும் முறைத்துக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டுச் சண்டை ஆட்டோவில் நடந்தது. ஆட்டோக்காரர் சமாதானம் பேசுகிற அளவுக்குப் போனது. அன்று இரவு சாப்பிடும்போது கதிரேசன் சொன்னான்: "இங்க பாரு செண்பா, இனிமே பேச்சே வேண்டாம். பிடிக்கலைன்னா வாசலுக்குப் போயி செருப்பைப் போட்டுரு. நானும் போட்டுருதேன். ஏன் எதுக்குன்னு ஒருத்தரை ஒருத்தர் கேக்கக் கூடாது." நல்ல யோசனை என்று அவளும் தலையாட்டினாள். என்ன புத்திசாலித்தனம் என்று மெச்சிக்கூடக் கொண்டாள். சண்டை போடாமலிருப்பதற்கு வழி கண்டுபிடித்த மகராசர்கள் வாயைக் கட்டிக்கொண்டதைக் கவனிக்கவில்லை. வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவன் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவனில்லை. மடிப்பாக்கத்தில் இப்போது இருக்கும் வீட்டைப் பொங்கலுக்குள் காலி செய்தாக வேண்டும், இடித்துவிட்டு அடுக்ககம் கட்டப் போகிறார்கள். காரணம் கேட்காமல் வீடு வீடாகச் செருப்பைப் போட்டுக்கொண்டதில் ஐப்பசி வந்துவிட்டது.

காரணம் கேட்கக் கூடாது என்றால் மனசு கேட்காமலா இருக்கும். அவள் செருப்பைப் போட்டதெல்லாம் தரைத்தளத்து வீடுகளில். அவற்றில் அவளுக்குக் குறையொன்றுமில்லை, நங்கநல்லூர் வீட்டில் நந்தியாவட்டைகூட இருந்தது, ஆசையாக இருந்தது. ஆனால் கதிரேசனுக்காகப் போட்டாள். முந்தின வருஷத்துக்கு முந்தின டிசம்பரில் வெள்ளம் வந்த ராத்திரி அவளுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். அவன் மட்டும் மடிப்பாக்கத்துத் தரைத்தள வீட்டில். அதற்குப் பிறகு அவன் தூங்கும் விதமே மாறிப்போனது. கட்டிலின் ஓரத்தில்தான் படுப்பான். தூக்கத்தில் ஒரு கை கீழே இறங்கும். உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்க்கும். காய்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் மேலே வரும். சித்திரை வெயிலிலும் அப்படித்தான், மின்விசிறி அனலைக் கொட்டும்போதும் அந்தக் கை இறங்கி ஏறும். அவள் விழித்திருந்து பார்ப்பாள். இந்த மனுஷனை இனி ஒரு தரைத்தளத்தில் படுக்க வைப்பது பாவம். அதனால் போட்டாள். சரி. அவன் ஏன் போட்டான்? குரோம்பேட்டையில் மூன்றாவது மாடி, வெள்ளம் எட்டிப் பார்க்காத மேடு, பால்கனி வரை போனவன் திரும்பி வந்து செருப்பைப் போட்டான். ஆதம்பாக்கத்தில் நான்காவது மாடியில் போட்டான். கீழ்க்கட்டளையில் முதல் மாடிதான், வாசலுக்கு எதிரே மொட்டை மாடிக்குப் படி ஏறியது, உள்ளேயே வராமல் போட்டான். தண்ணீருக்குப் பயந்தவன் உயரத்து வீடுகளை ஏன் ஒதுக்க வேண்டும்? வீட்டை ஒதுக்கவில்லையோ. ஒரு புது வீட்டில் இன்னொரு தடவை பால் காய்ச்சி, இன்னொரு தடவை இவளோடு ஆரம்பிப்பதைத்தான் ஒதுக்குகிறானோ. முதல் நாள் இது ஒரு சின்ன முள்ளாகத்தான் வந்தது. ஆட்டோவில் வந்தது, குளிக்கும்போது வந்தது, ஊசி குத்தி யாரோ ஒருவர் கையிலிருந்து ரத்தம் குழலில் ஏறிக்கொண்டிருக்கும்போது வந்தது. இப்போது அது முள்ளில்லை. அதனால்தான் அவனுக்குத் தெரியாமல் ஏகாம்பரத்துக்கு அவளே போன் செய்து, "உசரமா ஒண்ணு காட்டுங்க, எவ்வளவு உசரமா இருந்தாலும் சரி" என்றாள். கூவமும் அடையாறும் கைகோத்துக்கொண்டு வந்தாலும் ஒன்பதாவது மாடிக்கு ஏற முடியாது. இங்கேயும் அவன் செருப்பைப் போட்டால் தண்ணீர் காரணமில்லை, வீடு காரணமில்லை. அவள்தான் காரணம்.

லிஃப்ட் நின்றது. வாசலில் மூவரும் செருப்பைக் கழற்றினார்கள். கதிரேசன் எப்போதும் போலக் குதிகாலை அழுத்திக் கழற்றி, இரண்டையும் சேர்த்து வெளியே பார்த்து வைத்தான். ஊருக்குப் புறப்படுகிறவன் வைப்பதுபோல. இல்லை, எல்லா இடத்திலும் அப்படித்தான் வைப்பான், கோயிலிலும் அப்படித்தான். அதற்கெல்லாம் அர்த்தம் எடுத்தால் பைத்தியம்தான் பிடிக்கும். கதவைத் திறந்ததும் காற்று வந்து முகத்தில் அடித்தது. புதுச் சுண்ணாம்பு வாசனை, கொஞ்சம் பெயிண்ட் தின்னர் வாசனை. கூடம் நீளமாக இருந்தது. கோடியில் கண்ணாடிக் கதவு, அதற்கு அப்பால் பால்கனி, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை, வெறும் வெளிச்சம். செண்பகவல்லி கண்ணைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். மேடை நல்ல உயரம். மிக்ஸிக்கு இடம் இருந்தது. அரிசி டிரம்மை இந்த மூலையில் வைக்கலாம், சிலிண்டர் உள்ளே போய்விடும், ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறது. கம்பி இருக்கிறது, நல்லது. படுக்கையறை ஜன்னலுக்கும் கம்பி இருக்குமா. இருக்கும். பால்கனிக்கு? பால்கனிக்கு யார் கம்பி போடுவார்கள். குழாயைத் திறந்தாள். காற்று இருமிவிட்டுத் தண்ணீர் வந்தது. அதில் கையை நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். அவள் மடியில் கனம் இருந்தது. நாலு வருஷமாக இருக்கிறது. அவள் ஒருத்தியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

ஏழாவது மாதத்தில் குழந்தை தங்காமல் போனது. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, வைக்கிற வழக்கம் இல்லை. ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்ப்பவர்களே வந்து ஆறுதல் சொன்னார்கள், அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்றார்கள், கதிரேசன் அவள் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டான். பால் கட்டி நெஞ்சு கல்லாக வலித்தது. ஒரு நாள் மத்தியானம் துணி காயப்போட மடிப்பாக்கத்து வீட்டின் மொட்டை மாடிக்குப் போனவள் துணியைக் கொடியில் போடவில்லை. வாளியை வைத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்பது அவளுக்குத் தெரியாது. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. எல்லாம் லேசாக இருந்தது, அதுதான் பயங்கரம், இவ்வளவு லேசா என்று இருந்தது. அப்போது முதுகுக்குப் பின்னால் மேல் வீட்டு கிரேஸ் அக்கா கூப்பிட்டாள். "செண்பகம், கிளிப்பு இருந்தா ரெண்டு குடேன்." துணி கிளிப்பு. சுவரிலிருந்து கையை எடுத்து, வாளிக்குள் கையை விட்டு, இரண்டு கிளிப்பை எடுத்துக் கொடுத்தாள். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். கிரேஸ் அக்கா அதை வாங்கிக்கொண்டு, அவள் கையையும் விடாமல் பிடித்துக்கொண்டு, ஊரிலுள்ள விலைவாசியையெல்லாம் பேசிக்கொண்டே கீழே அழைத்து வந்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஊமை கண்ட கனவு மாதிரி அதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் கதிரேசன் உடைந்துபோவான். அல்லது பயந்துபோய் அவளைக் கண்ணாடிச் சாமானைப் போலப் பார்க்க ஆரம்பிப்பான், அது அதைவிட மோசம். நல்ல வேளையாக அடுத்த வாரமே மொட்டை மாடிக் கதவைப் பூட்டிய வீட்டுக்காரர் சாவியைத் தொலைத்துவிட்டார். கதிரேசன்தான் வந்து சொன்னான், இனிமேல் பின்பக்கச் சந்தில் கொடி கட்டிக்கொள்வோம் என்று. வெயிலே வராத சந்து, துணியெல்லாம் முடை நாற்றம் அடித்தது. ஒரு நாள்கூட அவள் அதற்குக் குறைசொல்லவில்லை.

"மேடம், பால்கனி பாக்கல நீங்க? அதான் மேடம் இந்த வீட்டுக்கே அழகு!" ஏகாம்பரத்தின் குரல். போகத்தான் வேண்டும். பார்க்காமல் பிடித்திருக்கிறது என்றால் நம்புவார்களா. கூடத்தைக் கடந்து போனாள், தரை வழுவழுப்பாக இருந்தது, ஒவ்வொரு அடிக்கும் பாதம் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. இப்போது அப்படியில்லை, நான் இப்போது அப்படியில்லை, அந்த ஒரு நாள்தான், அது போய்விட்டது, போய்விட்டது என்று எனக்குத் தெரியும். தெரியுமா? நாலு வருஷமாக உயரமான இடத்தில் அவள் நின்றதே இல்லையே, எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியில்கூட பரிசோதனைக் கூடம் நிலவறையில், ஜன்னலே கிடையாது. கதிரேசன் பால்கனி வாசலில் நின்றான். ஒரு தோளைக் கதவுச் சட்டத்தில் சாய்த்து, ஒரு காலை எதிர்ச் சட்டத்தில் கொடுத்து, மொத்த வழியையும் மறித்துக்கொண்டு நின்றான். அவன் தோளுக்கு மேலாகத்தான் அவளுக்குத் தெரிந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வெயிலில் மின்னியது, புள்ளி புள்ளியாகப் பறவைகள், மெட்ரோவுக்குக் கட்டுகிற தூண்கள் வரிசையாகத் தலையில்லாமல் நின்றன. தண்ணீர் எங்கோ கீழே, யாருக்கோ சொந்தமானதுபோல இருந்தது. அவன் அதையே பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ தளர்ந்தது, கல்யாணமான புதிதில் குற்றாலத்தில் பார்த்த முகம். பிடித்திருக்கிறது! இவனுக்குப் பிடித்திருக்கிறது. நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. கொஞ்சம் நகர்ந்தால் நானும் பார்ப்பேன் என்பதுபோல அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் நகரவில்லை. திரும்பிப் பார்த்தான், மறுபடி முன்னால் பார்த்தான், காலை இன்னும் இறுக்கிக்கொண்டான். கூட நின்று பார்க்கக்கூட இடம் தரமாட்டானா? வந்த குளிர்ச்சி அப்படியே புளித்தது.

பிறகு அவன் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டான். "மொட்டை மாடிச் சாவி யாருகிட்ட இருக்கும்?" கிடங்கில் பொறுப்பாளராக இருப்பவன், நாள் முழுக்கச் சாவியோடு புழங்குகிறவன், அதனால் கேட்கிறான் என்று ஏகாம்பரம் நினைத்துக்கொள்ளட்டும். அவளுக்குத் தெரியும். அது அந்த ராத்திரியின் கேள்வி. தண்ணீர் வாசலைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரை நனைத்தபோது அவன் மாடிப்படியில் ஏறினான். கிரேஸ் அக்கா குடும்பம் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தது, மேல் வீடு பூட்டியிருந்தது. படிப்படியாகத் தண்ணீர் ஏற ஏற அவனும் படிப்படியாக மேலே போய், கடைசிப் படியில், மொட்டை மாடிக் கதவில் சாய்ந்து, விடிகிறவரை உட்கார்ந்திருந்தான். போனில் சார்ஜ் இல்லை. படகில் வந்து அவள் பார்த்தபோது தண்ணீர் மேல் வீட்டு வாசலுக்கு மூன்று படி கீழே வந்து நின்றிருந்தது. அவள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கிழி கிழியென்று கிழித்தாள். "ஒரு சாவியைத் தொலைச்சிட்டு மாத்துச் சாவி போட முடியல உங்களுக்கு? கதவு திறந்திருந்தா அந்த மனுஷன் மேல போயி நாலு பேரைக் கூப்பிட்டிருக்க மாட்டாரா?" வீட்டுக்காரர் என்ன சாவி, எந்தச் சாவி என்று உளறினார். கதிரேசன் அவள் கையிலிருந்து போனை வாங்கி வைத்துவிட்டான். அதனால்தான் இப்போது சாவியைக் கேட்கிறான், தண்ணீர் வந்தால் ஓடுவதற்கு வழி கேட்கிறான். ஒன்பதாவது மாடியிலும் கேட்கிறானே, அவ்வளவு பயமா, ஐயோ என்று இருந்தது அவளுக்கு. ஏகாம்பரம் உற்சாகமானார். "சாவியே தேவயில்ல சார். டுவன்டி ஃபோர் அவர்ஸ் தொறந்துதான் கீது. காலைல லேடீஸ்லாம் யோகா பண்றாங்க. மேடம் எப்ப வேணா போலாம்." அதைவிட நல்ல பதில் கதிரேசனுக்கு வேறென்ன வேண்டும்?

குளியலறையைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். கண்ணாடி இன்னும் மாட்டவில்லை, ஆணிக்கு ஓட்டை மட்டும் போட்டிருந்தார்கள், அந்த ஓட்டையைப் பார்த்து நின்றாள். சொல்லிவிட வேண்டும், பிடித்திருக்கிறது, டோக்கன் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட வேண்டும், அவன் செருப்பில் காலை நுழைப்பதற்குள். பால்கனிக் கதவைப் பூட்டி வைத்துக்கொள்ளலாம். துணியை உள்ளே ஸ்டாண்டில் காயப்போடலாம். புழுக்கமாக இருக்கிறது என்று அவன் திறக்கச் சொன்னால் கொசு வருகிறது என்று சொல்லலாம். ஒன்பதாவது மாடிக்குக் கொசு வருமா? வரும், சென்னைக் கொசுவுக்கு எந்த மாடியானால் என்ன. அவன் நைட் ஷிப்டில் இருக்கும்போது? அவன் இல்லாத ராத்திரியில் நானும் அந்தக் கதவும் மட்டும் இருக்கும்போது? பழகிவிடும். அவன் கையாவது தரைக்கு இறங்காமல் தூங்கட்டும். ஒருத்தர் பயம் போனால் போதாதா, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வீட்டை இந்த ஊரில் யார் கட்டி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன். நான் என்னைப் பார்த்துக்கொள்கிறேன். முடிவு எடுத்தாகிவிட்டது, எடுத்ததும் உண்மையிலேயே சந்தோஷமாகக்கூட இருந்தது. தாழைத் திறந்துகொண்டு வேகமாக வெளியே வந்தாள்.

கூடம் காலியாக இருந்தது. பால்கனிக் கதவு சாத்தி, தாழ் போட்டிருந்தது. வாசலுக்கு வெளியே ஏகாம்பரம் லிஃப்ட் பொத்தானை அமுக்கிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். கதிரேசன் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றான். பழுப்புச் செருப்பு அவன் காலில் இருந்தது.

அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. ஆக, இதுதான். பன்னிரண்டு வருஷம், ஒரு பெயரில்லாத குழந்தை, பின்பக்கச் சந்தில் நாறிய துணி, எல்லாம் ஒரு ஜோடிச் செருப்பில் முடிகிறது, கத்தலில்லை, கண்ணீரில்லை, சட்டப்படி. சட்டப்படி அவளும் இப்போது போய்த் தன் செருப்பைப் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏற வேண்டும், கீழே போய் ஆளுக்கொரு இளநீர் குடிக்க வேண்டும். கால் நகரவில்லை. "ஏன்?" என்றாள். அவள் குரல் காலி வீட்டில் சுவருக்குச் சுவர் மோதியது.

"அதான் கேக்கக் கூடாதுன்னு..."

"கேப்பேன். ஏன் போட்டீங்க? இதைவிட உசரமா ஆகாசத்துலதான் பாக்கணும். தண்ணிக்குப் பயந்துதான் போடுதீங்கன்னா இங்க என்ன தண்ணி? என்கூட இருக்கப் பிடிக்கலன்னா வாயைத் திறந்து சொல்லிருங்க. செருப்பைப் போட்டுக் காட்டாதீங்க."

கதிரேசன் அவளையே பார்த்தான். யாரோ முகத்தில் அறைந்ததுபோல வாய் கொஞ்சம் திறந்திருந்தது. "என்ன புள்ள சொல்லுத?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மொட்டை மாடிச் சாவி யாருகிட்ட இருக்கும்னு வீட்டுக்கு வீடு எதுக்குக் கேக்கேன்னு நெனச்ச?"

"தண்ணி வந்தா மேல ஓட."

அவன் இல்லை என்று தலையசைத்தான். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தான். கிடங்குச் சாவிகள், வண்டிச் சாவி, வீட்டுச் சாவி. தினமும் அவள் ஆணியில் மாட்டி எடுக்கிற கொத்துதான். அவற்றுக்கு நடுவிலிருந்து ஒரு பித்தளைச் சாவியை விரலால் தள்ளித் தனியாகப் பிடித்தான். கிடங்கில் இத்தனை பூட்டு, அதில் இதுவும் ஒன்று என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். "கிரேஸ் அக்கா அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டா. கிளிப்பு வாங்குனதை. மறுவாரம் மாடிக் கதவைப் பூட்டி சாவியை நான்தான் எடுத்து வச்சிக்கிட்டேன். வீட்டுக்காரர் ஒண்ணும் தொலைக்கல." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சாவியைப் பார்த்தே பேசினான். "உங்கிட்ட எப்படிக் கேக்கதுன்னு தெரியல. நீயா சொல்லுவேன்னு இருந்தேன். அப்புறம் நாள் போச்சு. மூணாவது மாடி, நாலாவது மாடின்னு பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவருதான் தெரியுது. இங்க சாவியே இல்லைங்காரு."

பால்கனி வாசலில் அவன் வைத்திருந்த கால். அது அவளை மறித்த கால். கடவுளே, என்னத்தையெல்லாம் நினைத்தேன். இந்த மனுஷனுக்குத் தெரியும், நாலு வருஷமாகத் தெரியும், தெரிந்துகொண்டே தலைக்கு எண்ணெய் தேய்த்தான், சந்தில் கொடி கட்டினான், முடை நாற்றம் அடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். சாவியை வாங்கிப் பார்த்தாள். அவன் இடுப்புச் சூடு அதில் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

"அந்த ராத்திரி," என்றாள். "தண்ணி ஏறுன ராத்திரி. அப்பவும் இது உங்க கையிலயா இருந்துச்சு?"

"ம்."

"இதை வச்சிக்கிட்டா அந்தக் கதவுல சாஞ்சு உக்காந்திருந்தீங்க?"

"ம்."

"ஏன் திறக்கல? ஏங்க திறக்கல?"

கதிரேசன் யோசிக்கவே இல்லை. அந்த ராத்திரியிலிருந்தே நாக்கு நுனியில் வைத்திருந்தவன்போலச் சொன்னான். "திறந்தா, எங்கிட்ட சாவி இருந்தது உனக்குத் தெரிஞ்சிருமே."

செண்பகவல்லி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். சுவரைப் பிடித்துக்கொள்ளக்கூட இல்லை. புடவையில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியது. இந்த வீடு வேண்டாம், வேறு வீடு பார்க்கலாம், இரண்டாவது மாடி, அதில் பால்கனி இல்லாதது, தண்ணீரும் வராதது, அப்படி ஒன்று இந்த ஊரில் இல்லாமலா போகும். அதெல்லாம் பிறகு. "செருப்பைக் கழட்டிட்டு வாங்க," என்றாள். "அன்னைக்கு மாடியில என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லுதேன். கிரேஸ் அக்கா சொன்னது இல்ல. நான் சொல்லுதேன்."

அவன் குதிகாலை அழுத்திச் செருப்பைக் கழற்றினான். இரண்டையும் சேர்த்து வைக்கவில்லை, ஒன்று எங்கேயோ புரண்டு விழுந்தது. உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன்னையறியாமல் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தான். வெளியே மணி அடித்தது, கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"சார், லிஃப்ட் வந்துட்ச்சு," என்றார் ஏகாம்பரம்.

"போகட்டும்ங்க," என்றாள் செண்பகவல்லி.